லண்டன் பயணம், 1 கோடி 66 இலட்சம்: வவுச்சர்ல ஒப்பம் வைச்சது ஆர்?

வாவிக்கரையான் | 2025 ஆகஸ்ட் 22, இரவு 11.10

பின்னேரம் மட்டக்களப்புக் கல்லடியில சலூன்ல குந்தியிருக்கக்குள்ளதான் செய்தி வந்த. வெட்டிக்கிட்டிருந்த தம்பி கத்தரிக்கோலப் புடிச்ச கையோட டீவியப் பார்த்தபடி நிண்டுட்டான். என்ட தலை பாதியில நிண்டிச்சி. ரணில் விக்கிரமசிங்கவ சீஐடி (குற்றப் புலனாய்வுப் பொலிஸ்) கைது செஞ்சிட்டாங்க. முன்னாள் ஜனாதிபதி ஒருத்தர இந்த நாட்டில கைது செஞ்சது இதுதான் முதல் தரம்.

விசயம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமாச் சொல்றன். 2023 செப்டெம்பர்ல அவர் ஜனாதிபதியா இருக்கக்குள்ள கியூபாவுக்கு ஜீ77 மாநாட்டுக்குப் போனார், மறுகா நியூயோர்க்ல ஐநா. அதுரெண்டும் அரச பயணம், ஒருத்தரும் கேள்வி கேக்கல்ல. திரும்பி வாற வழியில லண்டன்ல இறங்கினார். அவர்ர மனைவிக்கு வுல்வஹாம்டன் பல்கலைக்கழகத்தில கௌரவப் பேராசிரியர் பட்டம் குடுக்கிற விழா. அந்தத் துண்டுப் பயணத்துக்கு அரச காசு 1 கோடி 66 இலட்சம் போனது எண்டுதான் குற்றச்சாட்டு. மனைவிட செலவ மனைவியே பார்த்த எண்டு அவர் முந்தியே சொல்லியிருக்கார். இண்டைக்குச் சீஐடிக்கு வாக்குமூலம் குடுக்கப் போன இடத்தில கைது. இரவு கோட்டை நீதவான் 26 வரைக்கும் விளக்கமறியல் போட்டிருக்கார்.

எனக்கு ஆளில கோபமும் இல்ல, பாசமும் இல்ல. ஒரேயொரு கேள்வி. கடமைக்குப் போன மனிசன் வழியில சொந்த வேலைக்கு இறங்கினா கணக்கு எந்த இடத்தில முறியணும்? வேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சும்மா_ஒருத்தன் | ஆகஸ்ட் 22, இரவு 11.24

நாளைக்கே நெஞ்சு வலி வரும், எழுதி வைச்சிக்கங்க.

கல்முனைக்_காக்கா | ஆகஸ்ட் 22, இரவு 11.52

தம்பி வாவி, 2022ஐ மறந்துட்டீங்களா? கல்முனைப் பெற்றோல் செட்டில ரெண்டு இரவு படுத்தவன் நான். ஓட்டோவுக்குள்ள காலை மடக்கிக்கிட்டு, நுளம்புக்குத் தின்னக் குடுத்துக்கிட்டு. கேஸ் சிலிண்டர உருட்டிக்கிட்டுப் போய் வெறுஞ்சிலிண்டரோட திரும்பி வந்தவள் என்ட பொண்டாட்டி. அந்த வரிசைய இல்லாமச் செஞ்சது இந்த மனிசன்தான். அதுக்கு நாடு குடுத்த பரிசு மறியல்.

இன்னொண்டு. ஜனாதிபதி நித்திரை கொண்டாலும் ஜனாதிபதிதான். அவர் கலியாண வீட்டுக்குப் போனாலும் மையத்து வீட்டுக்குப் போனாலும் பாதுகாப்புக்காரன் கூடப் போகத்தான் வேணும். அவருக்கு அது சொந்தப் பயணமா இருக்கட்டும், பின்னால போற பொலிஸ்காரனுக்கு அது கடமை. அந்தச் செலவ எப்படிச் சொந்தச் செலவு எண்டு சொல்வீங்க?

வாவிக்கரையான் | ஆகஸ்ட் 23, காலை 6.40

காக்கா, பாதுகாப்புக் கதைய ஒத்துக்கிறன், அது நியாயம். ஆனா கூடப் போன எல்லாரும் பாதுகாப்பா? ஹோட்டல், வாகனம், சாப்பாடு எல்லாம் ஒரே கட்டா வந்தா எதை எதில போடுறது? அதத்தான் கேட்டன்.

வரிசைய ஒழிச்சதுக்கும் வவுச்சருக்கும் சம்பந்தம் இல்ல. நல்லா மீன் புடிக்கிறவன் எண்டதுக்காக அடுத்தவன்ட வலையக் கிழிக்கலாமா?

மண்டூர்ப்_புள்ள | ஆகஸ்ட் 23, காலை 8.15

நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். ஒபிஸ் எழுவான்கரையில (வாவிக்குக் கிழக்கால), களம் படுவான்கரையில (மேற்கால). மாசம் தொடங்க முதல் எந்தத் திகதி எந்தக் கிராமம் எண்டு அட்வான்ஸ் புரோகிராம் குடுக்கணும். போய் வந்தா டயரி எழுதணும். மறுகா ட்ரவலிங் போர்ம். அதில புறப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம், தூரம், எதில போன, எத்தினை மணிக்குச் சாப்பிட்ட எண்டுகூடக் கேக்காத குறை.

போன வருசம் ஒரு மாசத்தில எனக்கு 340 ரூபா வெட்டினாங்க. என்ன காரணம் தெரியுமா? குருமண்வெளித் துறையில பாதையில (வாவியக் கடக்கிற மிதவை) ஏறி மண்டூருக்குப் போனதுக்குப் பற்றுச்சீட்டு இல்லையாம். பாதைக்காரரிட்ட போய்ப் பற்றுச்சீட்டுக் கேட்டன். அவர் தண்ணியப் பார்த்தார், என்னப் பார்த்தார், பக்கத்தில நிண்ட மாட்டுக்காரரைப் பார்த்தார், சிரிச்சார். "புள்ள, வேணுமெண்டா கையில எழுதித் தாறன்" எண்டார். அவர் சிகரெட் பெட்டி மட்டையில எழுதித் தந்தத இன்னும் வைச்சிருக்கன். ஒபிஸ்ல எடுக்கல்ல.

340க்கு மட்டை வேணும். 1 கோடி 66 இலட்சத்துக்கு என்ன வேணும்?

வாவிக்கரையான் | ஆகஸ்ட் 23, காலை 8.31

அந்த மட்டைய ஒரு போட்டோ புடிச்சிப் போடுங்க அக்கா.

மண்டூர்ப்_புள்ள | ஆகஸ்ட் 23, காலை 8.40

அவர்ர பேரும் ஒப்பமும் கிடக்கு தம்பி, போட ஏலாது. பாவம் மனிசன்.

சும்மா_ஒருத்தன் | ஆகஸ்ட் 23, இரவு 7.05

தேசிய வைத்தியசாலை, அதி தீவிர சிகிச்சைப் பிரிவு. நான் நேத்தே சொன்னனா இல்லையா?

அக்கரைப்பற்றுச்_சட்டம் | ஆகஸ்ட் 23, இரவு 7.30

சும்மா, ஆளுக்கு 76 வயசு. வருத்தம் உண்மையாவும் இருக்கலாம். நக்கலுக்கும் ஒரு அளவு வேணும்.

சட்டம் படிக்கிறவன் எண்ட முறையில ரெண்டு மூண்டு விசயம். முதலாவது, இதுவரைக்கும் அவர் சந்தேகநபர் மட்டும்தான். குற்றவாளி எண்டு ஒருத்தரும் இஞ்ச எழுதாதீங்க.

ரெண்டாவது, "ஜனாதிபதியா இருந்தவருக்கு வழக்குப் போட ஏலுமா" எண்டு முகநூல்ல நிறையப் பேர் கேக்கிறாங்க. அரசியலமைப்பில 35ஆம் உறுப்புரை குடுக்கிற விலக்கு பதவியில இருக்கிற காலத்துக்கு மட்டும்தான். கதிரையில இருந்து எழும்பினா விலக்கும் எழும்பிடும்.

மூண்டாவது, பிணை ஏன் உடனே குடுக்கல்ல எண்ட கேள்வி. 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் மீதான குற்றங்கள் சட்டம் கடுமையானது. 25,000 ரூபாய்க்கு மேல போனா, விசேட காரணம் காட்டினாத்தான் பிணை. இந்தச் சட்டத்தில பொதுவா மாட்டுறது ஆர்? வயரைக் களவெடுத்தவன், மின்மாற்றியில எண்ணெய் வடிச்சவன், பஸ் கண்ணாடிக்குக் கல்லெறிஞ்சவன். ஒரு முன்னாள் ஜனாதிபதி அதே பிரிவில நிக்கிறத நான் வகுப்பில உதாரணத்துக்குக்கூடக் கேள்விப்பட்டதில்ல.

பழைய_சிறாப்பர் | ஆகஸ்ட் 24, காலை 5.20

எல்லாருக்கும் வணக்கம். நான் இஞ்ச வாசிக்கிறதோட சரி, எழுதுறது குறைவு. மண்டூர்ப் பிள்ளை பாதைக் கதையச் சொன்னதால நித்திரை போய்ட்டு.

34 வருசம் அரச சேவை, அதில 11 வருசம் சிறாப்பர். காசு எண்ணிக் குடுக்கிறவனுக்கு வவுச்சர் கையில வந்தா முதல்ல பார்க்கப் பழகுறது தொகையை இல்ல, ஒப்பங்களைத்தான். தொகை கூடினாலும் குறைஞ்சாலும் என்ட தலை போகாது. ஒப்பம் ஒண்டு குறைஞ்சா என்ட தலைதான் முதல்ல போகும்.

அரச காசு செலவழிக்கிற விதி இரிக்கி, நிதிப் பிரமாணம் எண்டு. அதில 135இல இருந்து வாசிச்சுப் பாருங்க. ஒரு சதம் வெளியில போறதுக்கு நாலு வேலை நடக்கணும். ஒருத்தர் அதிகாரம் குடுக்கணும், ஒருத்தர் அங்கீகரிக்கணும், ஒருத்தர் அத்தாட்சிப்படுத்தணும், ஒருத்தர் கொடுக்கணும். இதில மூண்டாவதுதான் முள்ளு. அத்தாட்சிப்படுத்திறவர், "இந்தச் செலவு நடந்தது, இது அரச வேலைக்குத்தான் நடந்தது, இந்தப் பட்டியல் சரி" எண்டு தன்ட பேரில எழுதிக் குடுக்கிறார். தம்பி வாவி கேட்ட கேள்விக்கு மறுமொழி அதுக்குள்ள இருக்கு. கணக்கு எந்த இடத்தில முறியணும் எண்டு தீர்மானிக்கிறவர் பயணம் போறவர் இல்ல. அத்தாட்சி ஒப்பம் வைக்கிறவர்.

இப்ப கதைக்கு வாறன். மண்முனைப் பாலம் 2014இல திறந்தது. அதுக்கு முதல் ஆரையம்பதிப் பக்கத்தில இருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போறதெண்டா பாதை. பாதை ஓடாத நாளில நகரத்துக்கு வந்து, வலையிறவுப் பாலம் ஏறி, வவுணதீவைச் சுத்தித்தான் போகணும். நான் இருந்த ஒரு ஒபிஸ்ல (பேர் வேணாம்) ஒரு ஐயாவுக்குப் பாதை ஒரு நாளும் ஓடாது. மற்றவங்களுக்கு ஓடும், மாடுகளுக்கும் ஓடும், அவர்ர ட்ரவலிங்ல மட்டும் எப்பவும் வலையிறவு. சரி, தண்ணிப் பயம் எண்டு விட்டுட்டம்.

பாலம் திறந்தாச்சு. ஜனாதிபதி வந்து நாடா வெட்டினார், ஊரெல்லாம் பாலத்தைப் பார்க்கப் போன, நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் பொயித்து வந்த நான். ஐயாவும் அந்தப் பாலத்தாலதான் கெப்பில போறார், நான் கண்ணால கண்ட. ஆனா அவர்ர போர்ம்ல ஏழு மாசமா வலையிறவு வழிதான். சுத்துறதுக்கு உண்டான கிலோமீற்றர் ஒண்டும் குறையல்ல.

கணக்காய்வுக்கு ஒரு பொடியன் வந்தான். மீசைகூட ஒழுங்கா முளைக்கல்ல. போர்மை விரிச்சு வைச்சுக்கிட்டு மெதுவாக் கேட்டான்: "சேர், மண்முனைப் பாலம் தண்ணிக்கு மேலயா கீழயா இருக்கு?" ஒருத்தரும் கதைக்கல்ல. காத்தாடி சுத்துற சத்தம் மட்டும் கேட்டிச்சி.

முடிவு என்ன எண்டு கேப்பீங்க. ஐயாட சம்பளத்தில கொஞ்சம் கொஞ்சமா வெட்டினாங்க, ரெண்டு வருசத்தில பதவி உயர்வோட வேற மாவட்டம் போனார். அத்தாட்சி ஒப்பம் வைச்ச மனிசனுக்குத்தான் விளக்கம் கேட்டுக் கடிதத்துக்கு மேல கடிதம். அவர் பென்சன் போகும் வரைக்கும் அந்தக் கோவை மூடல்ல. ஐயா அவருக்கு ஒருநாளும் "இதுல ஒப்பம் வையுங்க" எண்டு எழுத்தில குடுத்ததில்ல. "அது ஒண்டு கிடக்கு, பார்த்துச் செய்யுங்க" எண்டு வாயாலதான் சொல்லுவார். அரச சேவையில பாதிக் காசு அந்த "பார்த்துச் செய்யுங்க"வில போனது.

அதால லண்டன் விசயத்திலயும் நான் ரணில் ஐயாட முகத்தைப் பார்க்கல்ல. அந்தப் பயணத்தை "உத்தியோகபூர்வம்" எண்டு எழுதின கை எது, எழுதும்படி ஆராவது எழுத்தில சொன்னாங்களா, இல்லாட்டி பார்த்துச் செய்ததா? நீதிமன்றம் அதைத்தான் தோண்டும் எண்டு நினைக்கிறன்.

மண்டூர்ப்_புள்ள | ஆகஸ்ட் 24, காலை 7.02

ஐயா, "மாடுகளுக்கும் ஓடும்"… தேத்தண்ணி மூக்கால வந்துட்டு.

கல்முனைக்_காக்கா | ஆகஸ்ட் 24, காலை 9.45

சிறாப்பர் ஐயா சொன்னதுக்குப் பிறகு எனக்கும் ஒரு யோசனை வருது. ஆனா நான் கேக்கிறது வேற. இதே கண்ணாடியை எல்லாருக்கும் போடுறாங்களா? ஆட்சிக்கு வந்தவன் முந்தினவன்ட போர்மை மட்டும் விரிக்கிறான். முறைப்பாடு போனதே ஜனாதிபதி செயலகத்தில இருந்துதானே. நாளைக்கு இவங்க இறங்கினா இவங்கட போர்மை அடுத்தவன் விரிப்பான். அமானிதம் எண்டா எல்லாருக்கும் அமானிதம்தான்.

திசைகாட்டி_இல்லாதவன் | ஆகஸ்ட் 24, காலை 10.20

காக்கா, நம்மட மாவட்டத்துக்கு அதச் சொல்ல உரிமை இரிக்கி. 2024 நவம்பர்ப் பாராளுமன்றத் தேர்தல்ல 22 தேர்தல் மாவட்டத்தில 21ஐ ஜனாதிபதி அனுரட கட்சிட திசைகாட்டிச் சின்னம் அள்ளினது. மட்டக்களப்பு ஒண்டுதான் தமிழரசுக் கட்சிட வீட்டுச் சின்னத்துக்குப் போட்ட. அதால நாம ரணிலுக்கும் ஆள் இல்ல, அனுரவுக்கும் ஆள் இல்ல. வரம்பில குந்திக்கிட்டு ரெண்டு வயலையும் பார்க்கலாம்.

கல்முனைக்_காக்கா | ஆகஸ்ட் 24, காலை 10.26

நான் அம்பாறை மாவட்டம் வாப்பா. எனக்கு அந்த வரம்பு இல்ல.

ஈஸ்ட்ஹாம்_மட்டக்களப்பான் | ஆகஸ்ட் 24, பகல் 1.15

இஞ்ச லண்டன்ல இருந்து எழுதுறன். சிறாப்பர் ஐயாட கதையக் கேக்க 2009 ஞாபகம் வந்தது.

அந்த மே மாசம் டெய்லி டெலிகிராப் பத்திரிகை ஒவ்வொரு நாளும் காலையில எம்பிமாரிட செலவுப் பட்டியலைப் போட்டது. நான் அப்ப ஒரு கடையில இரவு வேலை. விடிய நாலு மணிக்குப் பேப்பர்க் கட்டு வரும், கட்டை வெட்டினதும் அதத்தான் வாசிப்பம். வீட்டைச் சுத்தி அகழி வைச்சிருந்த ஒருத்தர், அதைத் துப்புரவாக்கின பில்லைக் குடுத்திருந்தார். அகழி! கோட்டைக்கு இருக்கிற மாதிரி. இன்னொருத்தர் குளத்தில தாராக்கள் படுக்க ஒரு குட்டி வீடு, 1,645 பவுண். உள்துறை அமைச்சரா இருந்த அம்மாட கணக்கில 88 பென்ஸுக்குக் குளியல் தொட்டி அடைப்பான் ஒண்டும் இருந்தது.

இதில பகிடி என்னவெண்டா, உலகம் முழுக்கச் சிரிச்ச அந்தத் தாரா வீட்டுக்குக் காசு குடுக்கப்படவே இல்ல. பாராளுமன்றக் கட்டணப் பிரிவில இருந்த ஆரோ ஒரு கிளாக்கர் ஏலாது எண்டுட்டார். ஐயா சொன்ன மூண்டாவது ஒப்பம் வேலை செஞ்ச இடம் அது. வேலை செய்யாத இடங்கள்தான் ஆயிரக்கணக்கில.

சபாநாயகர் மைக்கல் மார்ட்டின் பதவி விலகினார். பொய்க் கணக்குக் குடுத்த சிலபேர் உள்ளுக்கும் போனாங்க. டேவிட் சைட்டர் எண்ட எம்பிக்கு 2011 ஜனவரியில 18 மாசம். பாராளுமன்றச் சிறப்புரிமை இருக்கு, எங்களை நீதிமன்றம் விசாரிக்க ஏலாது எண்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோத்தாங்க. அதுக்குப் பிறகு எம்பிமாரிட செலவைப் பார்க்கத் தனிச் சபை ஒண்டு வைச்சு, இப்ப கணக்கெல்லாம் இணையத்தில வருது. என்ட தொகுதி எம்பி ரயில் டிக்கெட்டுக்கு எவ்வளவு எடுத்தார் எண்டு கட்டில்ல படுத்துக்கிட்டுப் பார்க்கலாம். நான் ஒரு தரம்தான் பார்த்திருக்கன், அது வேற கதை.

வந்தாறுமூலை_மகன் | ஆகஸ்ட் 24, இரவு 9.50

எல்லாரும் பாலம், பாதை, தாரா எண்டு கதைக்கிறயள். நல்லா இரிக்கி. எனக்குச் சிரிப்பு வருதில்ல.

1990 செப்டெம்பர் 5. கிழக்குப் பல்கலைக்கழகத்தில அகதியா இருந்த சனத்தில இருந்து 158 பேரை ஆமிக்காரங்க கூட்டிப் போனாங்க, திரும்பி வரல்ல. என்ட மாமா அதில ஒருத்தர். ஆணைக்குழு வந்தது, சாட்சி சொன்னம், அறிக்கை எழுதினாங்க. 35 வருசம். ஒருத்தரையும் ஒரு நாளாவது மறியல்ல வைச்சதில்ல. டிக்கெட் காசுக்குக் கைது வருது, ஆளுக்கு வரல்ல. அம்மம்மா சாகும் வரைக்கும் வாசல்ல கதிரை போட்டுத்தான் இருந்தவ.

காத்தான்குடி_5 | ஆகஸ்ட் 24, இரவு 10.15

தம்பி, எங்களுக்கு அந்த வருசம் ஆகஸ்ட் 3. பள்ளிவாசலுக்குள்ள, தொழுதுக்கிட்டிருந்தவங்களச் சுட்டாங்க. உங்கட வேதனை எனக்கு விளங்கும், எங்கட வேதனை உங்களுக்கும் விளங்கும் எண்டு நினைக்கிறன். அதுக்குமேல எழுத வருகுதில்ல.

பழைய_சிறாப்பர் | ஆகஸ்ட் 25, காலை 5.05

மகன், உங்கட மாமாவைக் கூட்டிக்கிட்டுப் போன வாகனத்துக்கும் ஒரு ரன்னிங் சார்ட் (வாகனம் எங்க, எவ்வளவு தூரம் ஓடினது எண்டு எழுதுற தாள்) இருந்திருக்கும். டீசல் அடிச்சிருப்பாங்க. ஒரு சாரதிட பேர் இருந்திருக்கும். நான் இதை ஆறுதலுக்குச் சொல்லல்ல. அந்தப் பேப்பரை ஆரும் தேடல்ல எண்டுதான் சொல்றன்.

மட்டுறுத்துனர் | ஆகஸ்ட் 25, காலை 8.00

1990 பற்றித் தனி இழை இருக்கு, அங்க தொடருவம். மேல இருக்கிற மூண்டு பதிவையும் அழிக்க மனம் வரல்ல, இருக்கட்டும்.

அக்கரைப்பற்றுச்_சட்டம் | ஆகஸ்ட் 26, மாலை 6.10

பிணை கிடைச்சிட்டு. 50 இலட்சம்படி மூண்டு சரீரப் பிணை. வைத்தியசாலையில இருந்து சூம்லதான் வந்தாராம். பிணை எண்டா விடுதலை இல்ல, வழக்கு அப்படியே கிடக்கு. சும்மா_ஒருத்தன் வந்து எழுத முதல் சொல்லிட்டன்.

சும்மா_ஒருத்தன் | ஆகஸ்ட் 26, மாலை 6.12

நான் வாய் திறக்கல்லியே.

வாவிக்கரையான் | ஆகஸ்ட் 27, இரவு 9.00

எனக்கு வேற ஒரு குடைச்சல். ஜூலையில ஒரு ஞாயித்துக்கிழமை மச்சான் குடும்பத்தோட அறுகம்பைக்குப் போனம். அங்க ஒரு சாப்பாட்டுக் கடை வாசல்ல அரச இலக்கத் தகடு போட்ட டபுள் கெப் நிண்டிச்சி. கதவில ஒபிஸ்ர பேர். நம்மட மாவட்டத்து ஒபிஸ். பின் சீற்றில ரெண்டு சின்னப் புள்ளைகள், பின்னால காத்துப் போன நீச்சல் வளையம். ரோஸ் நிறம், அன்னம் மாதிரிக் கழுத்து. அன்னத்துக்குக் கள விஜயம் எண்டு மச்சான் சிரிச்சான், நானும் சிரிச்சிட்டு வந்துட்டன்.

ரணில்ர கதைய நாலு நாளா எழுதிக்கிட்டு இருக்கன், கண்ணால கண்ட கெப்பைப் பற்றி ஒரு வரி எழுதல்ல. சிறாப்பர் ஐயா, இதுக்கு என்ன செய்றது?

பழைய_சிறாப்பர் | ஆகஸ்ட் 28, காலை 5.30

படம் எடுத்துப் போடாதீங்க. பேரும் எழுதாதீங்க. சாரதி பாவம், முதல்ல அவனத்தான் இடம் மாத்துவாங்க.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். காரணம் சொல்லத் தேவையில்ல, சட்டத்தரணி தேவையில்ல. ஆனா கேக்கிற முறை இரிக்கி. "வாகன முறைகேடு பற்றிய தகவல் தாங்க" எண்டு எழுதினா "அப்படி ஒண்டும் இல்ல" எண்டு ஒரு வரியில முடிப்பாங்க. பேப்பரைக் கேளுங்க, கருத்தைக் கேக்காதீங்க. இன்ன இலக்க வாகனம், 2025 ஜூலை 1 தொடக்கம் 31 வரை, தினசரி ரன்னிங் சார்ட்ர பிரதி, அதே மாசத்து எரிபொருள் ஓடர் பிரதி. அவ்வளவுதான். பேப்பர் எங்களிட்ட இல்ல எண்டு அவங்களுக்குச் சொல்ல ஏலாது, நிதிப் பிரமாணம் 1646இன்படி அது அடுத்த மாசம் 15க்கு முதல் கணக்காய்வுக்குப் போயிருக்கணும்.

தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு சொல்லணும். தரல்ல எண்டா குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதுக்கு மேல ஆணைக்குழு. கையில குடுத்தாக் கிடைச்சதுக்கு எழுத்தில வாங்குங்க. மறந்துட்டு வந்திராதீங்க, அதுதான் உங்கட சிகரெட் மட்டை.

மண்டூர்ப்_புள்ள | ஆகஸ்ட் 28, காலை 7.15

தம்பி, பிரதி எண்டு மட்டும் எழுதாம "ஒப்பங்கள் உள்ளபடியான பிரதி" எண்டு எழுதுங்க. தட்டச்சுச் செய்து புதுசாத் தந்துருவாங்க. எனக்கு நடந்தது.

கல்முனைக்_காக்கா | செப்டெம்பர் 11, இரவு 8.30

இழையை எழுப்பிறன். நேத்து முன்னாள் ஜனாதிபதிமாரிட உரித்துகளை ரத்துச் செய்ற சட்டம் 151க்கு 1 எண்டு நிறைவேறின. இண்டைக்கு மகிந்த விஜேராம அரச வீட்டை விட்டுப் போறதை டீவியில பார்த்தன். சனம் அழுதுக்கிட்டு நிக்குது. நான் ஓட்டோவுக்கு லீசிங் கட்டுறன், எனக்கு அழுகை வரல்ல. ரணில் விசயத்தில நான் கதைச்சதில கொஞ்சத்தை இப்பயும் சொல்லுவன், பாதுகாப்புக்காரன்ட கணக்கு வேற. மிச்சத்தை வழக்கு முடியட்டும் பார்ப்பம்.

வாவி, உங்கட அன்னம் என்னாச்சு?

வாவிக்கரையான் | செப்டெம்பர் 11, இரவு 9.10

ஆகஸ்ட் 29 குடுத்த நான். வாங்கின புள்ள மூண்டு தரம் வாசிச்சிட்டு "இது எதுக்கு சேர்" எண்டு கேட்டிச்சி. காரணம் சொல்லத் தேவையில்ல எண்ட. உள்ளுக்குப் போய்க் கதைச்சிட்டு வந்து கிடைச்சதா ஒப்பம் வைச்சிக் குடுத்திச்சி. கை நடுங்கின, அந்தப் புள்ளைக்கும் எனக்கும்.

வாவிக்கரையான் | அக்டோபர் 3, மாலை 5.45

வந்துட்டு. பெரிய காக்கிக் கவர், 19 தாள். பிரதி எடுத்த செலவைக் கட்டிட்டு வாங்கி வந்து கல்லடிப் பாலத்தடியில குந்தியிருந்து பார்த்தன்.

ஜூலை 13, ஞாயிறு. புறப்பட்ட நேரம் காலை 7.10, திரும்பின நேரம் இரவு 8.40. மீற்றர் வாசிப்பு ரெண்டும் இரிக்கி, கழிச்சா 224 கிலோமீற்றர். அறுகம்பைக்குப் பொயித்து வந்தா கிட்டத்தட்ட அதுதான் வரும். "சென்ற இடம்" எண்டதில "உள்ளூர்". "நோக்கம்" எண்டதில "கள விஜயம்". அதே எழுத்து, அதே நீலப் பேனை, அதுக்கு முந்தின ஞாயிறும் "கள விஜயம்", பிந்தினதும் "கள விஜயம்". உள்ளூர் எண்டா எவ்வளவு பெரிய உள்ளூர்!

கல்முனைக்_காக்கா | அக்டோபர் 3, மாலை 5.58

224 கிலோமீற்றர் உள்ளூரா? அப்ப எங்கட ஊரும் உங்கட உள்ளூருக்குள்ளதான் வருது வாப்பா.

பழைய_சிறாப்பர் | அக்டோபர் 3, மாலை 6.20

தம்பி, கடைசி நிரலைப் பாருங்க. பயணம் செய்த உத்தியோகத்தர் ஒப்பம். அதில ஆர்ர ஒப்பம் இரிக்கி?

வாவிக்கரையான் | அக்டோபர் 3, மாலை 6.24

ஒண்டும் இல்ல ஐயா. வெள்ளையாக் கிடக்கு. ஜூலை முழுக்கவும்.

பழைய_சிறாப்பர் | அக்டோபர் 3, மாலை 6.31

கீழ, மாச முடிவில, "சரியென அத்தாட்சிப்படுத்துகிறேன்" எண்ட இடத்தில?

வாவிக்கரையான் | அக்டோபர் 3, மாலை 6.33

அதில இரிக்கி.